பெயரும் கொள்கையும்: திலகரின் கீதா ரகசியத்தில் ஷோப்பன்ஹவர்

1. முன்னுரை

ஒரு மெய்யியல் கொள்கை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது முதலில் சென்று சேர்வது பெரும்பாலும் அதன் பெயரேயாகும். கொள்கைக்கு அடிப்படையான வாதங்கள் பின்னரே வருகின்றன. சில வேளைகளில் அவை வராமலே போகின்றன. அந்நிலையில் பெயரின் அன்றாட வழக்குப் பொருளே கொள்கையின் பொருளாகவும் கொள்ளப்பட்டுவிடுகிறது. ஜெர்மானிய மெய்யியலாளர் ஆர்தர் ஷோப்பன்ஹவரின் (1788-1860) கொள்கைக்கு வழங்கும் 'பெசிமிசம்' என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று. இந்திய மொழிகளில் இது நிராசாவாதம், துக்கவாதம், அவநம்பிக்கைவாதம், நம்பிக்கையின்மை எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. இப்பெயர்ப்புகளுள் பல ஒரு கொள்கையைச் சுட்டாமல் ஒரு மனநிலையையே சுட்டுகின்றன.

இப்பெயரைப் பற்றிய கூர்மையான மறுப்பு ஒன்று, புனேயில் 1915இல் வெளிவந்த பால கங்காதர திலகரின் 'கீதா ரகசியம்' என்னும் மராத்தி நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இடம்பெற்றுள்ளது. அந்நூல் அரசியல், சமயம், அறவியல் ஆகிய நோக்குகளில் மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது. கலைச்சொல்லாக்க நோக்கில் அது பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை எனலாம். திலகரின் மறுப்பு சரியானது என்பதையும், அம்மறுப்பின் பயனை அவர் ஷோப்பன்ஹவருக்கு வழங்காமல் விட்டது ஒரு குறை என்பதையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரண்டிலிருந்தும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்க பாடம் இறுதியில் கூறப்படும்.

2. கொள்கை புனேயை அடைந்த வழி

ஷோப்பன்ஹவருக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு தொடக்கம் முதலே மொழிபெயர்ப்பின் வழிப்பட்ட தொடர்பாகும். முகலாய இளவரசர் தாரா ஷுகோ 1657இல் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். அப்பாரசீக நூலைப் பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துப்பெரோன் இலத்தீனில் பெயர்த்து 1801-02இல் வெளியிட்டார். 'உபநிஷத்' என்னும் சொல் பாரசீக ஒலிப்பையும் பிரெஞ்சு எழுத்து முறையையும் கடந்து, 'ஔப்நெகத்' எனப் படிக்கத்தக்க வடிவில் அந்நூலின் தலைப்பாயிற்று. 1814இல் வைமர் நகரில் ஷோப்பன்ஹவர் அவ்விலத்தீன் நூலைப் பயின்றார். அவருடைய தலைமை நூலான 'உலகம்: இச்சையாகவும் தோற்றமாகவும்' 1818ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 'மாயையின் திரை', 'தத் த்வம் அஸி' என்பன ஜெர்மானிய மெய்யியல் உரைநடையில் இடம்பெற்றமை இவ்வாறு நிகழ்ந்ததே.

திரும்பி வந்த வழி வேறு. ஷோப்பன்ஹவரின் தலைமை நூல் ஹால்டேன், கெம்ப் ஆகியோரால் 1883-86இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1877இல், ஆங்கில உளவியலாளர் ஜேம்ஸ் சல்லி 'பெசிமிசம்' என்னும் தலைப்பில் இக்கொள்கையின் வரலாற்றையும் மறுப்பையும் எழுதி வெளியிட்டிருந்தார். ஆங்கிலம் வழியே கற்றவர்களுக்கு மூலத்தின் மொழிபெயர்ப்புக்கு முன்பே அதன் மறுப்பு கிடைத்தது என்பது கருதத்தக்கது. ஷோப்பன்ஹவரைப் பின்பற்றிய பேராசிரியர் பால் டாய்சன் 1893இல் பம்பாயில் வேதாந்தம் பற்றி உரை நிகழ்த்தினார். அவருடைய நூல்களைத் திலகர் அறிந்திருந்தார்.

புனேயில் தக்காணக் கல்விக் கழகம் 1884இலும் பெர்குசன் கல்லூரி 1885இலும் தோன்றின. அக்கால மராத்தி அறிஞரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் மில், ஸ்பென்சர் ஆகிய ஆங்கிலேயர். பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்த திலகர் இச்சூழலில் உருவானவர். 1908இல் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்ட அவர், 1910-11ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கீதா ரகசியத்தை எழுதினார். 1914இல் விடுதலை பெற்றபின் நூல் புனேயில் அச்சேறியது. சமஸ்கிருதம், பாரசீகம், இலத்தீன், ஜெர்மன், ஆங்கிலம், மராத்தி என ஆறு மொழிகளைக் கடந்து ஓர் எண்ணம் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பியது. திரும்பிய இடத்தில் அது எவ்வாறு அடையாளம் காணப்பட்டது என்பதே இங்கு வினாவாகும்.

3. பின்னக் கணக்கு

கீதா ரகசியத்தில் ஷோப்பன்ஹவர் முதன்மையாக இரண்டு இடங்களில் பேசப்படுகிறார். முதலாவது, இன்பதுன்பங்களை ஆராயும் ஐந்தாம் இயல். மனிதன் நுகரும் இன்பத்தைத் தொகுதியாகவும், அவன் விரும்பும் இன்பத்தைப் பகுதியாகவும் கொண்ட ஒரு பின்னமாக வாழ்க்கையைக் காட்டும் வாதத்தைத் திலகர் அங்கு எடுத்துரைக்கிறார். நுகர்ச்சி பெருகுவதைக் காட்டிலும் விருப்பம் விரைந்து பெருகுகிறது. தொடக்கத்தில் 1/2 ஆக இருந்த பின்னம் பிறகு 3/10 ஆகிவிடுகிறது. தொகுதி மும்மடங்கானாலும் பகுதி ஐம்மடங்காகிவிடுவதால் பின்னத்தின் மதிப்புக் குறைகிறது.

கணித ஆசிரியரின் கைவண்ணம் இதில் புலனாகிறது. எனினும் இவ்வுவமைக்கு ஷோப்பன்ஹவரிடமே மூலம் உண்டு. 1851இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில், ஒருவனுடைய உடைமையை மட்டும் கொண்டு அவன் இன்பத்தை அளப்பது, பகுதியில்லாத் தொகுதியை வைத்துப் பின்னத்தை மதிப்பிடுவது போன்றது என்னும் கருத்தை அவர் வெளியிட்டுள்ளார்.

விருப்பம் நுகர்ச்சியால் தணிவதில்லை என்பதற்குத் திலகர் மகாபாரதத்தின் யயாதியைத் துணைக்கழைக்கிறார். ஆகவே துன்பம் பற்றிய கணிப்பில் அவருக்கும் ஷோப்பன்ஹவருக்கும் பெரிய முரண்பாடில்லை. முரண்பாடு அடுத்த படியில் தோன்றுகிறது. விருப்பம் துன்பத்துக்குக் காரணமாதலின் செயலையும் விட்டுவிடவேண்டும் என்னும் முடிவைத் திலகர் ஏற்கவில்லை. மனநிறைவின்மை அனைத்தும் தீதன்று. ஆக்கத்துக்கு அதுவே வேராகும் இடமும் உண்டு. விடவேண்டுவது பயனின்மேல் வைக்கும் பற்றே அன்றிச் செயலன்று என்பது அவர் கொள்கை. ஒரே கணிப்பிலிருந்து இருவேறு ஒழுகலாறுகள் பிறக்கக்கூடும் என்பதை ஐந்தாம் இயல் இவ்வாறு நிறுவுகிறது. இக்கருத்து அடுத்துக் காணவிருக்கும் பெயர் மறுப்புக்கு அடித்தளமாகிறது.

4. அடிக்குறிப்பில் ஒரு கலைச்சொல் திறனாய்வு

துறவையும் கருமயோகத்தையும் ஒப்பிடும் பதினோராம் இயலில் திலகர் மேலைநாட்டாரை இரண்டு அணிகளாக நிறுத்துகிறார். கோம்த், மில், ஸ்பென்சர் ஆகியோர் செயலின் பக்கம். ஷோப்பன்ஹவரும் அவரைப் பின்தொடர்ந்த ஹார்ட்மனும் செயல் துறப்பின் பக்கம். இவ்விடத்து அடிக்குறிப்பில் சல்லியின் பெயரீடு எடுத்துக்கொள்ளப்படுகிறது. சல்லி இவ்விரு நெறிகளுக்கும் முறையே 'ஆப்டிமிசம்', 'பெசிமிசம்' எனப் பெயரிட்டிருக்கிறார் என்றும் அப்பெயர்கள் பொருந்தா என்றும் திலகர் கூறுகிறார். பெசிமிஸ்ட் என்னும் சொல் எப்போதும் அழுது புலம்புபவன் என்னும் பொருளைத் தருகிறது. உலக வாழ்வு நிலையற்றது என உணர்ந்து அதனை விடுபவர்களோ மகிழ்ச்சியுடன் விடுகிறார்கள். ஆதலின் அவர்களை அப்பெயரால் அழைப்பது தகாது. அதற்கு மாற்றாகக் கருமயோகத்தை 'எனர்ஜிசம்' என்றும், சாங்கியம் அல்லது சந்நியாச நெறியைக் 'குவையட்டிசம்' என்றும் ஆங்கிலத்தில் வழங்கலாம் என்பது அவர் பரிந்துரை. வைதிக நெறியில் பிரம்ம ஞானம் இரண்டுக்கும் பொதுவாதலால், ஒன்று இன்பமும் மற்றொன்று துன்பமும் தரும் என்னும் வேற்றுமைக்கு இடமில்லை என்பது அவர் காட்டும் காரணம்.

மொழியியல் நோக்கில் இக்குறிப்பில் மூன்று கூறுகள் சிறப்புடையன. முதலாவது, திலகர் பெயரின் பொருட்புலத்தை மாற்றுகிறார். ஆப்டிமிசம், பெசிமிசம் என்னும் இணை உணர்ச்சியின் அச்சில் அமைந்தது. எனர்ஜிசம், குவையட்டிசம் என்னும் இணை செயலின் அச்சில் அமைந்தது. இரண்டாவது, மராத்தியில் எழுதும் ஒருவர் ஆங்கிலச் சொல்லுக்கு மராத்தி நிகரனைத் தேடவில்லை. இந்தியக் கருத்துக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல் தகும் என்று தீர்ப்பளிக்கிறார். கலைச்சொல்லாக்கத்தின் வழக்கமான திசை இங்கு தலைகீழாகிறது. மூன்றாவது, இக்குறிப்பு மொழிபெயர்ப்புக்கு எளிதில் இடந்தராதது. மராத்தி வாக்கியத்தில் அயன்மொழிச் சொற்களாக நின்று ஆராயப்பட்ட பெயர்கள், 1935-36இல் சுக்தாங்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏனைய சொற்களோடு ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆராயப்படும் மொழியும் ஆராயும் மொழியும் ஒன்றாகிவிடுவதால் மறுப்பின் அயன்மை மறைகிறது. தமிழில் பெயர்ப்பவருக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. ஆங்கிலச் சொற்களை அவ்வாறே நிறுத்தி மறுப்பைத் தமிழில் தர இயலும்.

5. மறுப்பின் எல்லை

திலகரின் மறுப்பு சரியானதே. 'பெசிமிசம்' என்னும் பெயரில் மூன்று பொருள்கள் பிணைந்துள்ளன. உலகம் தீது என்னும் மதிப்பீடு ஒன்று; சோர்வு என்னும் மனநிலை மற்றொன்று; உலகிலிருந்து விலகுதல் என்னும் ஒழுகலாறு மூன்றாவது. சொல்லின் பிறப்பை நோக்கின் முதற்பொருளே உரியது. இலத்தீனில் 'பெசிமுஸ்' என்பது 'மிகத் தீயது' என்னும் உயர்வுநிலைப் பெயரடை. 'ஆப்டிமிசம்' 1737இல் லைப்னிட்சின் கொள்கையைச் சுட்டப் பிரெஞ்சில் ஆக்கப்பட்டது. நிகழக்கூடிய உலகங்களுள் இதுவே மிகச் சிறந்தது என்பது அக்கொள்கை. அதற்கு எதிராக, நிகழக்கூடியவற்றுள் இதுவே மிகத் தீயது என வாதிட்டவர் ஷோப்பன்ஹவர். இவ்வாதம் அவருடைய தலைமை நூலின் இரண்டாம் தொகுதி, 46ஆம் இயலில் உள்ளது. எனவே இப்பெயர் பிறப்பில் ஒரு மதிப்பீட்டின் பெயர். வழக்கில் அது மனநிலையின் பெயராயிற்று. துறவியின் மீது அம்மனநிலையை ஏற்றக்கூடாது என்று திலகர் தடுத்தார்.

ஆனால் அதே நீதி ஷோப்பன்ஹவருக்கும் உரியதன்றோ என்னும் வினா எழுகிறது. அவருடைய நூலின் 68ஆம் பிரிவு இச்சையை மறுத்த துறவியை விவரிக்கிறது. புறத்தே வறியவனாகத் தோன்றும் அவன் அகத்தே மகிழ்ச்சியும் அசையாத அமைதியும் நிறைந்தவன் என்பதே அங்குக் காணப்படும் கருத்து. அழுது புலம்புபவன் என்னும் ஓவியத்துக்கும் இவ்விவரிப்புக்கும் பொருத்தமில்லை. மேலும், இச்சையை அடங்கச்செய்யும் அறிவுக்கு ஷோப்பன்ஹவர் வழங்கிய கலைச்சொல் 'குவியெட்டீவ்' என்பதாகும். 'அமைதிப்படுத்துவது' என்பது அதன் பொருள். கிறித்தவக் குவையட்டிச மரபைச் சேர்ந்த கியோன் அம்மையாரையும் அவர் போற்றுகிறார். பெசிமிசத்துக்கு மாற்றாகத் திலகர் தேர்ந்த பெயரின் வேர்ச்சொல், திலகர் விலக்க விரும்பிய மெய்யியலாளரின் நூலிலேயே கலைச்சொல்லாக நின்றது. திலகர் தம் திருத்தத்தைச் சந்நியாச நெறியின் பொருட்டே செய்தார். ஷோப்பன்ஹவரைச் சல்லி வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

இதற்குக் காரணம் செயல் அச்சின் மீது அவர் கொண்ட அழுத்தமே எனலாம். ஷோப்பன்ஹவரின் நிலையைச் சுருக்கிக் கூறும் திலகர், உலகச் செயல்கள் அனைத்தும் துன்பமயமாதலின் ஞானம் பெற்று அவற்றை விரைவில் அழிப்பதே மனிதனின் கடமை என்பது அவர் கருத்தென்கிறார். மூலத்தில் மறுக்கப்படுவது செயலன்று, இச்சை. உயிரை மாய்த்துக்கொள்ளுதலை ஷோப்பன்ஹவர் ஏற்காததும் இதனாலேயே: அது வாழ்வை விரும்பி, வாழ்வின் நிலைமைகளை மட்டும் வெறுப்பவன் செய்வது, எனவே இச்சையின் உடன்பாடே அன்றி மறுப்பன்று. அவ்வாறே 1840இல் எழுதிய அறவியல் நூலில் அவர் இரக்கத்தையே அறத்தின் அடிப்படையாக்கி, அதற்குத் 'தத் த்வம் அஸி' என்னும் வாக்கியத்தைத் துணைகொண்டார். பிறர் துன்பத்தைத் தன்னதாக உணர்ந்து உதவுதல் செயலில்லாமல் நிகழாது. 'இச்சை மறுப்பு' என்பது 'கரும தியாகம்' எனக் கொள்ளப்பட்டபோது கொள்கையின் இப்பகுதி மறைந்துபோயிற்று. அறிஞர் ஒருவர் தம் மரபின் வினாவைக் கொண்டு அயல் கொள்கையை அளப்பது இயல்பே; கீதையின் வினா செயல் பற்றியது என்பதும் உண்மை. ஆயினும் அளவுகோலுக்குள் அடங்காத பகுதி எது என்பதைச் சுட்டுவது திறனாய்வின் கடமையாகும்.

6. 'நிராசை' என்னும் சொல்லின் திரிபு

திலகரின் எச்சரிக்கை பின்வந்த கலைச்சொல்லாக்கத்தில் பின்பற்றப்படவில்லை. மராத்தியிலும் இந்தியிலும் பெசிமிசத்துக்கு 'நிராசாவாதம்' என்னும் பெயர் நிலைபெற்றுவிட்டது. இச்சொல்லின் முன்வரலாறு வியப்புக்குரியது.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் அருச்சுனனைப் போரிடப் பணிக்கும் இடத்தில் அவன் 'நிராசீ'யாக, அதாவது எதிர்பார்ப்பு அற்றவனாக, இருக்கவேண்டும் என்கிறான். அங்கு அது செயலுக்குரிய தகுதி. மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் பாகவதத்தின் பதினோராம் கந்தத்திலும் வரும் பிங்கலை என்னும் கணிகை, காத்திருந்து சலித்து, ஆசையை விட்டபின் இன்பமாக உறங்குகிறாள். அவ்விடத்தில் 'நைராசியம்' என்பது பேரின்பத்தின் பெயராகவே வழங்குகிறது. மகாபாரதத்தின் செம்பதிப்பு, புனேயில் 1917இல் நிறுவப்பட்ட பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுற்றது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஒரே நகரின் ஏட்டு மரபில் இன்பத்தைக் குறித்த சொல், அம்மொழியின் நாளேட்டு வழக்கில் சோர்வைக் குறிக்கலாயிற்று.

பற்றின்மை, ஏமாற்றம் என்னும் இரண்டு பொருள்களும் 'ஆசை நீங்கிய நிலை' என்னும் ஒரே பகுப்பில் அடங்கும். ஆசையைத் தானே விட்டமை முதற்பொருள். ஆசை நிறைவேறாமை இரண்டாவது. தமிழிலும் 'நிராசை' என்பது பின்னதையே குறிக்கிறது. இரண்டாம் பொருளில் நிலைத்த சொல்லைக் கொண்டு முதற்பொருளைப் பேசும் நெறிகளுக்குப் பெயரிட்டால், எதிர்பார்ப்பற்ற கருமயோகியும் நிராசாவாதியாகவே தோன்ற நேரும். திலகர் அஞ்சிய இடர் இதுவே.

7. தமிழ்ச் சூழல்

தமிழாய்வில் ஷோப்பன்ஹவரின் செல்வாக்கு நேரடியாகப் புலப்படுவதில்லை. மறைமுகமாக அது வலுவுடன் உள்ளது. ஆல்பர்ட் சுவைட்சர் 1935இல் வெளியிட்ட இந்தியச் சிந்தனை பற்றிய நூலில் திருக்குறளை உயர்வாக மதிப்பிட்டார். அம்மதிப்பீடு தமிழ் நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. அதன் அடிப்படை 'உலக வாழ்வு உடன்பாடு', 'உலக வாழ்வு மறுப்பு' என்னும் இணையாகும். இவ்விணை ஷோப்பன்ஹவரின் 'வாழ்வதற்கான இச்சையின் உடன்பாடு, மறுப்பு' என்னும் இணையின் வழித்தோன்றல். இந்தியச் சிந்தனையில் தமக்கு ஈடுபாடு பிறந்தது இளமையில் ஷோப்பன்ஹவரைப் பயின்றதனால் என்பதைச் சுவைட்சரே தம் முன்னுரையில் கூறுகிறார். குறளின் பெருமையை இவ்விணையால் நிறுவுவோர், தாம் அறியாமலே ஒரு ஜெர்மானியக் கலைச்சொல்லைக் கையாளுகின்றனர்.

குறளின் அமைப்போ இவ்விணைக்குள் முற்றும் அடங்குவதில்லை. 'துறவு', 'அவா அறுத்தல்' ஆகிய அதிகாரங்களும் 'ஊக்கம் உடைமை', 'ஆள்வினை உடைமை', 'இடுக்கண் அழியாமை' ஆகிய அதிகாரங்களும் ஒரே நூலில் உள்ளன. சொல்லமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. 'துறவு' என்பது 'துற' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். 'சந்நியாசம்' என்பதும் 'கீழே வைத்துவிடுதல்' என்னும் வினைப்பொருளை உடையது. இரண்டிலும் சோர்வு என்னும் உணர்ச்சிக் கூறு இல்லை. இரண்டும் ஒருவன் செய்யும் வினையின் பெயர்கள். துறவு நெறியை உணர்ச்சியின் அச்சில் வைத்துப் பெயரிடலாகாது என்னும் திலகரின் கருத்துக்கு இச்சொற்களே சான்றாகின்றன.

இந்நிலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'பெசிமிசம்' என்னும் சொல்லுக்கு இடந்தோறும் ஒரே நிகரனை வழங்குவது பொருந்தாது. மதிப்பீட்டுக் கொள்கையைச் சுட்டுமிடத்துத் 'துன்பவாதம்' தகும். உயர்வுநிலைப் பொருளை அது தராவிடினும் மனநிலைப் பொருளை ஏற்காமல் நிற்கிறது. தனிமனிதரின் மனநிலையைச் சுட்டுமிடத்து 'நம்பிக்கையின்மை' அல்லது 'சோர்வு' போதும். ஒழுகலாற்றைச் சுட்டுமிடத்துத் 'துறவு' என்னும் சொல் முன்னரே உள்ளது. ஷோப்பன்ஹவரின் தலைமைக் கலைச்சொல்லான 'வில்லெ' என்பதற்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 'சங்கற்பம்' என்பது எண்ணித் துணிதலைக் குறிப்பதால் அறிவற்ற உந்துதலாகிய அவருடைய இச்சைக்குப் பொருந்தாது. 'வாசனை' முற்பிறவிப் பதிவுகளையும், 'அவா' ஒரு பொருளை நோக்கிய விழைவையும் நினைவூட்டுகின்றன. 'இச்சை' ஓரளவு பொருந்தினும், கல்லும் காந்தமும் கொண்ட இயக்கத்தையும் அது உள்ளடக்கும் என்பதை முதல் வழக்கிலேயே விளக்கிவிடுதல் வேண்டும்.

8. முடிவுரை

திலகரின் அடிக்குறிப்பு அளவில் சிறியது; அது எழுப்பும் சிக்கல் பெரியது. ஒரு நெறியின் பெயர் அந்நெறியில் நிற்பவனின் முகத்தை வரைந்துவிடுகிறது. சல்லியின் பெயரீட்டில் துறவி அழுத முகத்துடன் காட்சியளித்தான். திலகர் அம்முகத்தைத் திருத்தினார். ஆயினும் அழுத முகத்தை ஷோப்பன்ஹவரிடமிருந்து அவர் நீக்கவில்லை. நீக்குவதற்கு வேண்டிய சான்று அம்மெய்யியலாளரின் நூலிலேயே இருந்தது. பின்வந்தவர்களோ 'நிராசாவாதம்' என்னும் பெயரால், திலகர் செய்த திருத்தத்தையும் கைவிட்டனர்.

கொள்கைகளுக்குப் பெயரிடும்போது அப்பெயர் மதிப்பீட்டைச் சுட்டுகிறதா, மனநிலையைச் சுட்டுகிறதா, ஒழுகலாற்றைச் சுட்டுகிறதா என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவைத் தம் மரபுக்கு மட்டுமன்றி அயல் மரபுக்கும் ஒப்ப எழுப்புவதே மொழிபெயர்ப்பாளரின் நடுவுநிலைமையாகும். அந்நடுவுநிலைமையின் முதற்பாதியைப் புனேயிலிருந்து வந்த ஒரு மராத்தி நூல் காட்டிற்று. எஞ்சிய பாதியை நிறைவேற்றும் வாய்ப்பு, ஷோப்பன்ஹவரை மூலத்திலிருந்து பெயர்க்க முனையும் தமிழறிஞருக்கு உரியதாகும்.